மோட்டார் ஓடும்போது மண்ணுக்குள் என்ன நடக்கிறது? நெல்லைச் சீமைக் கிணறுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்குநேரி வட்டாரத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர் தோட்டமும் ஒரு கிணறும் உண்டு. 2017 கோடையிலிருந்து அந்தக் கிணற்றின் நீர்மட்டத்தை மாதம் இரண்டு முறை அளந்து ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். அந்த நோட்டைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்துச் சம்சாரிகள் கேட்ட கேள்விகளும், நான் படித்தும் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்ட பதில்களும்தான் இவை. நெல்லைச் சீமை என்று நான் சொல்வது பழைய ஒன்றுபட்ட மாவட்டத்தை. 1986-ல் பிரிந்த தூத்துக்குடியும் 2019-ல் பிரிந்த தென்காசியும் அதில் சேர்த்தி.

பூமிக்குள்ளே ஆறு மாதிரி தண்ணீர் ஓடுகிறதா?

அப்படி ஓடுவது ரொம்ப அபூர்வம். நம் பக்கம் பெரும்பாலும் கெட்டிப் பாறைப் பூமி. மேலே சில அடி செம்மண்ணோ கரிசலோ இருக்கும். அதற்குக் கீழே சரளும் உளுத்த பாறையும். அதற்கும் கீழே சார்னோகைட், நைஸ் என்று சொல்லும் கெட்டிப் பாறை, அதில் அங்கங்கே வெடிப்பு. தண்ணீர் இருப்பது உளுத்த பாறையின் இடுக்குகளிலும் இந்த வெடிப்புகளிலும்தான். இப்படித் தண்ணீரைப் பிடித்துவைத்து, கிணறு தோண்டினால் விட்டுக்கொடுக்கும் அடுக்கை நீர்த்தாங்கி என்பார்கள். அதற்குள் தண்ணீர் நகரும், ஆனால் மெதுவாக. பல இடங்களில் ஒரு நாளைக்கு ஒரு சாண் தூரம்கூடப் போகாது.

நீர்த்தாங்கி எவ்வளவு தண்ணீர் தரும் என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆற்று மணல் தன் கனஅளவில் ஐந்தில் ஒரு பங்கு வரைக்கும் தண்ணீரைக் கிணற்றுக்கு விடும். நம் உளுத்த பாறை நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரைதான் விடும். இந்த ஒரு வித்தியாசம் மனதில் நின்றுவிட்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

மோட்டாரைப் போட்டதும் கிணற்றைச் சுற்றி என்ன ஆகிறது?

சின்ன வயதில் நம்பியாற்று மணலில் ஊற்றுத் தோண்டுவோம். முழங்கை ஆழம் தோண்டினால் தண்ணீர் ஊறி நிற்கும். சிரட்டையால் மெதுவாகக் கோரினால் மட்டம் குறையாது. இரண்டு பேர் சேர்ந்து வேகமாகக் கோரினால் குழி காலியாகும். அப்போது குழியின் பக்கத்து மணலைக் கவனித்தால், ஈரம் மினுங்கும் கோடு குழியை நோக்கிச் சரிந்து இறங்கியிருக்கும். இரண்டடி தள்ளித் தங்கச்சி தோண்டிய குழியிலும் தண்ணீர் விரற்கடை இறங்கியிருக்கும். "நீ என் தண்ணியை எடுத்துட்ட" என்று அவள் அழுவாள். அவள் சொன்னது சரிதான் என்று எனக்குப் புரிய முப்பது வருஷம் ஆனது.

கிணற்றிலும் இதேதான். மோட்டார் ஓடத் தொடங்கியதும் முதலில் வெளியே வருவது கிணற்றுக்குள் நிற்கும் தண்ணீர். அந்த மட்டம் இறங்கியதும், சுற்றியுள்ள பாறையில் மட்டம் உயரமாகவும் கிணற்றில் தாழ்வாகவும் இருக்கும். அந்த உயர வித்தியாசம்தான் தண்ணீரைக் கிணற்றை நோக்கித் தள்ளுகிறது. அதனால் கிணற்றைச் சுற்றி நிலத்தடி நீர்மட்டம் ஒரு புனலைப் போலப் பள்ளமாகிறது. கிணற்றடியில் ஆழம் அதிகம், தள்ளிப்போகப் போகக் குறைவு. இதை இறக்கக் கூம்பு என்பார்கள்.

மோட்டார் ஓடும் நேரமெல்லாம் இந்தப் பள்ளம் அகன்றுகொண்டே போகும். மணல் பூமியில் அது தட்டைப் போல ஆழமில்லாமல் விரியும். பாறைப் பூமியில் செங்குத்தாக, குறுகலாக இறங்கும். நம் கிணறுகள் இரண்டு மணி நேரத்திலேயே தரை தட்டுவது இதனால்தான்.

ஒரு நாள் இறைத்தால் மட்டம் எவ்வளவு இறங்கும்?

கணக்காகவே பார்த்துவிடலாம். உங்கள் மோட்டார் மணிக்கு 10,000 லிட்டர் எடுக்கிறது, எட்டு மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 80,000 லிட்டர், அதாவது 80 கன மீட்டர். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். பாறை நூற்றுக்கு இரண்டு பங்கு தண்ணீர் விடும் என்றால், ஒரு ஏக்கருக்கு அடியில் ஒரு மீட்டர் மட்டம் இறங்கும்போது கிடைப்பது சுமார் 81 கன மீட்டர். ஆக, அந்த ஒரு ஏக்கருக்கு அடியில் இருந்து மட்டும் எடுத்தால் ஒரே நாளில் ஒரு மீட்டர், மூன்றேகால் அடி இறங்கிவிடும்.

நடைமுறையில் தண்ணீர் சுற்றுவட்டத்தில் இருந்தும் வருவதால் அவ்வளவு இறங்குவதில்லை. ஆனால் சுற்றுவட்டத்தில் எல்லோரும் இறைக்கும்போது அந்த ஆறுதலும் கிடையாது.

இப்போது வரவைப் பார்ப்போம். வருஷத்துக்கு 70 சென்டிமீட்டர் மழை பெய்து, அதில் பத்தில் ஒரு பங்கு கீழே இறங்குகிறது என்று கொள்வோம். பாறைப் பகுதிக்கு இது நியாயமான மதிப்பீடுதான். ஒரு ஏக்கருக்கு 283 கன மீட்டர் வரும். மேலே சொன்ன மோட்டாருக்கு அது மூன்றரை நாள் தண்ணீர். நாலு ஏக்கருக்கும் சேர்த்துப் பதினாலு நாள். முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டபோது தப்பாகப் போட்டுவிட்டேன் என்றே நினைத்து, இரண்டு முறை மறுபடி போட்டேன். சரியாகத்தான் இருந்தது. மிச்சத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குளத்தில் இருந்து கசிவது, கால்வாயில் இருந்து கசிவது, வயலுக்குப் பாய்ச்சியதில் திரும்ப இறங்குவது, மேட்டுப் பக்கத்தில் இருந்து மண்ணுக்குள் நகர்ந்து வருவது. அதெல்லாம் போதாதபோது, பழைய இருப்பில் கைவைக்கிறோம்.

பக்கத்துத் தோட்டத்தில் போர் போட்டார்கள். என் கிணறு வற்றிவிட்டது. அவர்களால்தானா?

இருக்கலாம். ஆனால் சண்டைக்குப் போகும் முன் அளந்து பாருங்கள்.

இரண்டு கிணறுகளின் கூம்புகளும் ஒன்றை ஒன்று தொட்டால், தொடும் இடத்தில் இரண்டு இறக்கமும் கூடிவிடும். உங்கள் மோட்டாரால் பத்தடி, பக்கத்து மோட்டாரால் நாலடி என்றால், இரண்டும் ஓடும்போது உங்கள் கிணற்றில் பதினாலு அடி இறங்கும். நம் ஊரில் த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் சுத்துப்பட்டில் எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் உறுமத் தொடங்கும். ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியவர்களின் மோட்டார் ஆள் தூங்கும்போதும் ஓடும். அந்த நேரத்தில் கூம்புகள் எல்லாம் ஒன்றாகி, ஊர் முழுவதும் ஒரே பள்ளமாகிவிடுகிறது.

சோதிக்கும் விதம் எளிது. பக்கத்துக்காரரிடம் பேசி, ஒருநாள் இரு மோட்டாரையும் ஓட்டாமல் வைத்திருங்கள். காலையில் உங்கள் கிணற்று மட்டத்தை அளந்துவிட்டு, அவருடைய மோட்டாரை மட்டும் ஓட்டச் சொல்லுங்கள். அரைமணிக்கு ஒருதடவை உங்கள் மட்டத்தை எழுதுங்கள். நாலைந்து மணி நேரத்தில் இறங்கத் தொடங்கினால் இரண்டும் ஒரே வெடிப்பில் சேர்ந்திருக்கின்றன. அசையவே இல்லையென்றால் அன்றைய அளவில் தொடர்பு இல்லை, காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

பாறைப் பூமியில் தூரத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது. ஐம்பதடியில் உள்ள போர் எதுவும் செய்யாமல், ஆயிரம் அடிக்கு அப்பால் உள்ளது உங்கள் ஊற்றை இழுக்கலாம். வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதுதான் முக்கியம். எங்கள் கிணற்றின் மேல்பக்கத்து ஊற்றுக்கண் நின்றதற்கு அண்ணாச்சி ஒருவரின் போரைக் காரணம் சொல்லி, நான் அவரோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்தேன். பிறகு இந்தச் சோதனையைச் செய்தோம். அவர் போர் ஆறு மணி நேரம் ஓடியும் எங்கள் கிணறு அரை அங்குலம்கூட இறங்கவில்லை.

ராத்திரி ஊறி காலையில் கிணறு நிறைந்துவிடுகிறதே. அப்படியென்றால் குறையவில்லைதானே?

ஏமாறுவது இங்கேதான். மோட்டாரை நிறுத்தியதும் சுற்றுப்புறத் தண்ணீர் நகர்ந்து வந்து கூம்பை நிரப்புகிறது. கிணறு நிறைகிறது, ஆனால் அந்தத் தண்ணீர் நாலு பக்கமும் இருந்த மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டுத்தான் வந்தது. நேற்றுக் காலை இருந்ததைவிட இன்று காலை அரை விரற்கடை குறைவாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. தை மாதத்தில் இருந்து வைகாசி வரை சேர்ந்தால் நாலைந்து அடி ஆகிவிடும்.

கமலை இறைத்த காலத்தில் இந்தப் பிரச்சினை தானாகவே மட்டுப்பட்டது. மாடு களைத்துவிடும், அவிழ்த்துக் கட்டுவார்கள், அந்த நேரத்தில் கிணறு ஊறும். மட்டம் ஆழத்துக்குப் போகப் போகக் கமலைக்கு எட்டாது, அடுத்த மழைக்குத்தான் மறுபடி. மோட்டாருக்குக் களைப்பு கிடையாது. விவசாயக் கரண்டுக்குக் கட்டணமும் இல்லாததால் நிறுத்தவேண்டிய அவசியமும் வருவதில்லை. இலவச மின்சாரம் தப்பு என்று நான் சொல்லவில்லை, அது இல்லாமல் எங்கள் வீட்டில் விவசாயமே நின்றிருக்கும். ஆனால் எவ்வளவு இறைக்கிறோம் என்று யாருக்குமே தெரியாமல் போனது அதனால்தான்.

போன பருவத்தில் கொட்டித் தீர்த்ததே, ஏன் மட்டம் ஏறவில்லை?

மழையின் அளவைவிட அது பெய்யும் விதம்தான் பெரிது. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஒரு வருஷத்து மழையை மிஞ்சியது அது. ஆனால் மண் ஒரு மணி நேரத்தில் குடிக்கும் அளவுக்கு ஒரு எல்லை இருக்கிறது. மிச்சம் ஓடிக் கடலில் சேர்ந்தது, போகிற வழியில் குளங்களையும் உடைத்துக்கொண்டு. அதே தண்ணீர் ஐப்பசி, கார்த்திகையில் முப்பது நாள் பரவிப் பெய்திருந்தால் பாறைக்குள் எவ்வளவோ இறங்கியிருக்கும்.

நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துக்கு ஆனி ஆடியில் காற்றுதான் வரும். சாரல் குற்றாலத்தையும் மலையோரத்தையும் தாண்டுவதில்லை. நம் கிணறுகளுக்கு வடகிழக்குப் பருவம் ஒன்றே வரவு.

குளம் நிறைந்தால் கிணறு ஊறும் என்று பெரியவர்கள் சொல்வது உண்மையா?

முழு உண்மை. குளத்தில் தண்ணீர் மூன்று நாலு மாதம் நிற்கும்போது மண்ணுக்கு மெதுவாகக் குடிக்க நேரம் கிடைக்கிறது. விஜயநாராயணம் பெரியகுளம் போன்ற ஒரு குளம் பெருகினால் அதன் கீழே உள்ள கிணறுகளில் மட்டம் ஏறுவதை அளந்தே பார்க்கலாம். எங்கள் ஊர்க் குளம் மறுகால் போன வருஷங்களில் கிணறு வைகாசியிலும் பன்னிரண்டு அடித் தண்ணீரோடு இருந்தது. குளம் பாதி நின்ற வருஷங்களில் பங்குனிக்குள் தரை தெரிந்தது. என் நோட்டில் இதைவிடத் தெளிவான விஷயம் எதுவும் இல்லை.

அதனால்தான் குளத்தில் வண்டல் எடுப்பது பாசனத்துக்கு மட்டும் உதவும் காரியம் அல்ல என்கிறேன். அடியில் படிந்த நைசான களிமண் சிமெண்ட் பூசியது மாதிரி அடைத்துக்கொள்ளும். தாமிரபரணி வெள்ளத்தைக் கருமேனியாறு, நம்பியாற்றோடு சேர்க்க 2009-ல் தொடங்கிய வெள்ளநீர்க் கால்வாய்த் திட்டத்தின் பெரிய பயனும் இதுவாகத்தான் இருக்கும். குளங்களுக்குத் தண்ணீர் வந்தால் வழிநெடுகக் கிணறுகளுக்கும் வரும்.

ஆற்றோரக் கிணறு வற்றாதே, அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாமா?

ஆற்றோரக் கிணறு வற்றாமல் இருப்பதற்குக் காரணம் ஆறு. கூம்பு விரிந்து ஆற்றைத் தொட்டதும், ஆற்றுத் தண்ணீர் கரை வழியாகக் கிணற்றுக்கு இறங்கத் தொடங்கும். அதற்கு முன்பே இன்னொன்று நடக்கும்: கோடையில் நிலத்தடியில் இருந்து ஆற்றுக்குக் கசிந்து வந்த தண்ணீர் நின்றுபோகும்.

சார்லஸ் தைஸ் என்ற அமெரிக்க நீரியல் அறிஞர் 1940-ல் இதைத் தெளிவாக எழுதினார். கிணற்றில் இருந்து எடுக்கும் ஒவ்வொரு சொட்டும் மூன்றில் ஒரு வழியாகத்தான் வந்தாக வேண்டும்: நீர்த்தாங்கியின் இருப்பு குறைய வேண்டும், அல்லது புதிதாக உள்ளே இறங்குவது கூட வேண்டும், அல்லது அதுவரை இயற்கையாக வெளியேறியது குறைய வேண்டும். வெளியேறியது என்றால் ஊற்று, ஓடை, ஆற்றின் கோடைக்கால ஓட்டம். பச்சையாறும் நம்பியாறும் மாசி பங்குனியில் காய்ந்து கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம், அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு எங்கள் குழாய்கள் வழியாக முன்னமே போய்விட்டது என்று எனக்குத் தோன்றும். மணலை அள்ளிவிட்டால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் தரும் நீர்த்தாங்கியையே லாரியில் ஏற்றி அனுப்பிவிடுகிறோம்.

இன்னும் ஆழமாகப் போர் போட்டால் நல்ல தண்ணீர் கிடைக்குமா?

2016-ல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது. 2017 சித்திரையில் கிணறு தரை தட்டியதும், அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துப் போர் வண்டியைக் கூப்பிட்டோம். 180 அடியில் ஒரு இன்ச் தண்ணீர் வந்தது. "இன்னும் நூறடி போங்க, ரெண்டு இன்ச் நிச்சயம்" என்றார் வண்டிக்காரர். 300, 400 என்று போய், 620 அடி வரை வெறும் பாறைப் புழுதி. வெள்ளை மாவு மாதிரிப் பறந்து, பக்கத்து வாழை இலையெல்லாம் படிந்துவிட்டது. அதைக் கழுவக்கூட அன்றைக்குத் தண்ணீர் இல்லை.

கெட்டிப் பாறையில் ஆழம் கூடக் கூட வெடிப்புகள் பொதுவாகக் குறையும். மேலே உள்ள பாறையின் பாரம் அவற்றை இறுக்கிவிடும். விதிவிலக்குகள் உண்டு, 800 அடியில் தண்ணீர் வந்த போர்களும் இருக்கின்றன. ஆனால் அந்தத் தண்ணீரும் மேலே இருந்து இறங்கியதுதான், அதுவும் ரொம்ப மெதுவாக. எடுத்தபின் நிரம்ப எத்தனை காலம் ஆகும் என்று யோசிக்க வேண்டும்.

இன்னொரு கேடும் உண்டு. கேசிங் பைப் மேல் மண் சரியாமல் இருக்கச் சில அடி வரைதான் இறக்கப்படுகிறது. அதற்குக் கீழே போர் திறந்த ஓட்டைதான். மேல் வெடிப்பில் நின்ற தண்ணீர் அந்த ஓட்டை வழியாகக் கீழே விழுந்துகொண்டே இருக்கும். ராத்திரியில் போர் வாயில் காதை வைத்தால் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்கும். நல்ல ஊற்று என்று சந்தோஷப்படுவோம். அது பக்கத்துத் திறந்த கிணறுகளின் தண்ணீராகவும் இருக்கலாம்.

தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பது?

நான் நம்பவில்லை. எங்கள் 620 அடி போரும் தேங்காய் நிமிர்ந்து நின்ற இடம்தான். மண்ணின் மின்தடையை அளந்து பார்க்கும் சர்வே அதைவிட நம்பகமானது, அதுவும் நூறு சதவீதம் அல்ல.

கடலோரத்தில் ஏன் தண்ணீர் உப்பாகிறது?

உவரி, கூடங்குளம் பக்கத்துச் சொந்தக்காரர்கள் அடிக்கடி கேட்பது இது. கடலோரத்தில் நல்ல தண்ணீர், கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். திருப்பிப் பார்த்தால், இறைத்து மேல்மட்டத்தை ஒரு அடி இறக்கினால், உப்பு நாளடைவில் 40 அடி மேலே வந்துவிடும். உப்பு ஏறுவது சுலபம், அதைத் திரும்பத் தள்ளப் பல பருவ மழை வேண்டும்.

திருச்செந்தூர் நாழிக்கிணறு கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தும் நல்ல தண்ணீராக இருப்பது பக்தர்களுக்கு அற்புதம். எனக்கும் அற்புதம்தான். ஒரு சின்னக் குழியில் வாளியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கோருவதால் மிதக்கும் நல்ல தண்ணீர் கலங்காமல் இருப்பதற்கு அது நல்ல பாடமும்கூட. அங்கே பெரிய மோட்டாரை வைத்து நாள்முழுக்க ஓட்டினால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஆயன்குளத்து அதிசயக் கிணறு மட்டும் எப்படி அவ்வளவு தண்ணீரைக் குடிக்கிறது?

திசையன்விளை அருகே ஆயன்குளம் படுகையில், 2021 இறுதி மழையின்போது வெள்ளத்தை ஒரு கிணற்றுக்குள் திருப்பிவிட்டார்கள். நாள்கணக்கில் பாய்ந்தும் கிணறு நிரம்பவில்லை. சென்னை ஐஐடி குழு வந்து ஆராய்ந்தது. அங்கே அடியில் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் அதைக் காலங்காலமாகக் கரைத்துக் குகை போன்ற வழிகளை உண்டாக்கியிருக்கிறது. முதல் கேள்வியில் அபூர்வம் என்று சொன்னது இதைத்தான். இதைப் பார்த்துவிட்டு எல்லாக் கிணற்றிலும் வெள்ளத்தை விடக் கூடாது. பாறைக் கிணறு அப்படிக் குடிக்காது, சேறும் சாக்கடையும் போனால் ஊற்றுக்கண் அடைந்துவிடும். வடிகட்டி, தெளியவைத்துத்தான் விட வேண்டும்.

என் நிலத்துத் தண்ணீரை எடுப்பதில் சட்டத் தடை உண்டா?

1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டத்தின்படி, தன் நிலத்துக்கு அடியில் உள்ள தண்ணீரை எடுக்க நில உரிமையாளருக்கு உரிமை இருப்பதாகவே வழக்கம் வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2003-ல் நிலத்தடி நீருக்கென்று தனிச்சட்டம் இயற்றினார்கள், அது 2013-ல் ரத்தானது. எடுப்பது வரவில் 70 சதவீதத்துக்குள் இருந்தால் பாதுகாப்பான பகுதி, 100-ஐத் தாண்டினால் அளவுக்கு மீறிச் சுரண்டப்பட்ட பகுதி என்று பிர்க்கா (சில ஊர்கள் சேர்ந்த வருவாய்ப் பகுதி) வாரியாக அரசு வகைப்படுத்துகிறது. உங்கள் பிர்க்கா எதில் இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

மட்டத்தை எப்படி அளப்பது?

திறந்த கிணறு என்றால் ஒரு நைலான் கயிறு, அதன் நுனியில் கொத்தனாரின் தூக்குக்குண்டு, ஒரு டேப். கிணற்றின் கைப்பிடிச் சுவரில் ஓர் இடத்தில் பெயிண்டால் குறி போடுங்கள், எப்போதும் அங்கிருந்தே அளக்க வேண்டும். குண்டு தண்ணீரைத் தொட்டதும் கயிறு லேசாகும், சின்ன வளையம் எழும். அந்த இடத்தில் கயிற்றைப் பிடித்து அளந்து, தேதியோடு எழுதுங்கள். அதிகாலையில், சுற்றுவட்டாரத்தில் எந்த மோட்டாரும் ஓடாத நேரத்தில் அளப்பது அவசியம். ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் அளப்பது கூம்பின் ஆழத்தை.

ஒரு வருஷ அளவு போதாது. மழைக்கு முன் புரட்டாசியிலும், மழை முடிந்து தையிலும் எடுத்த அளவுகளை மூன்று நாலு வருஷம் ஒப்பிட்டால்தான் இருப்பு கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும்.

உங்கள் கிணறு இப்போது எப்படி இருக்கிறது?

நானும் அண்ணாச்சியும் கீழ்த்தோட்டத்து மாமாவும் மூன்று வருஷமாக முறை வைத்து ஓட்டுகிறோம். ஒரு நாள் ஒருவர் மோட்டார் மட்டும். மாமாவின் போருக்கும் எங்கள் கிணற்றுக்கும்தான் உண்மையில் தொடர்பு என்று பிறகு சோதித்துத் தெரிந்துகொண்டோம். முறை வைத்ததால் கூம்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவது நின்றது, கிணறு மதியத்துக்குள் தரை தட்டுவது நின்றது. மொத்தத்தில் எடுக்கும் தண்ணீர் குறையாமல் முறை மட்டும் வைத்தால் வருஷ இறக்கம் மாறாது. அதனால் வாழையில் ஒரு பாதியைச் சொட்டுநீருக்கு மாற்றினோம், ஒரு ஏக்கரை உளுந்துக்கு விட்டோம். போன வைகாசிக் கடைசியில் சுவரில் இருந்து 38 அடியில் தண்ணீர் நின்றது. 2017-ல் அதே வாரத்தில் 52 அடியில் காய்ந்த தரை. இந்த வருஷம் மாமா இன்னொரு ஏக்கர் வாழை வைக்க வேண்டும் என்கிறார். நோட்டைக் கொண்டுபோய் அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.